இரவல் கொடியும் சொந்தக் கால்களும்
(உலக விளையாட்டரங்கில் கொரியர் – ஓர் ஆய்வு)

முன்னுரை

விடியற்காலை ஐந்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குச் செல்லும் சாலையில் நின்று பார்த்தால், நாட்டின் எதிர்காலம் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். மேற்கே மேகம் போர்த்திய மலை. இருபுறமும் தென்னையும் மாவும் நிறைந்த தோப்புகள். நடுவே காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடும் இளைஞர்கள். சிலர் காலில் காலணி உண்டு. சிலர் காலில் இல்லை. அவர்களுள் நம் கல்லூரி மாணவரும் சிலர் உளர்.

ஒருநாள் காலை, ஓட்டம் முடிந்து மூச்சு வாங்க நின்ற மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், தேர்வுக்காக ஓடுகிறோம், வேலை கிடைத்ததும் நின்றுவிடுகிறோம். ஒலிம்பிக்கில் ஓடுகிறவர்கள் எல்லாம் வேறு பிறவியா? நம்மைப் போன்ற ஊர்க்காரர்களுக்கு அது முடியுமா?"

அக்கேள்விக்கு அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பிறகு நிதானமாகச் சிந்தித்தபோது, விடை சொல்லத் தக்க நாடு கொரியாவே என்று தோன்றியது. நம்மைப் போலவே அடிமைப்பட்டுக் கிடந்த நாடு; நம்மைப் போலவே பிரிவினையைக் கண்ட நாடு; போரினால் நம்மினும் மிகுதியாக அழிந்த நாடு. அந்நாட்டு வீரர்கள் உலக அரங்கில் எவ்வாறு உயர்ந்தனர், நம் நாட்டு வீரர்களை எங்கெங்கே எதிர்கொண்டனர், அதனால் நாம் அறிவது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெர்லின், 1936

கொரியா 1910-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேரரசோடு இணைக்கப்பட்டது. அதன்பின் முப்பத்தைந்து ஆண்டுகள் அந்நாட்டுக்குத் தனிக் கொடி இல்லை. உலக அரங்கில் தனிப் பெயரும் இல்லை. இச்சூழலில் 1912-இல், சீன எல்லையை ஒட்டிய சினுய்ஜு என்னும் ஊரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சோன் கீ-சுங். ஓட்டம் ஒன்றே அவருக்கு வாய்த்த செல்வம். 1935-ஆம் ஆண்டு நவம்பரில் தோக்கியோவில் நடந்த போட்டியில் மாரத்தான் தூரத்தை 2 மணி 26 நிமிடம் 42 விநாடிகளில் ஓடி, அதுவரை உலகில் எவரும் ஓடாத வேகத்தைக் காட்டினார்.

மாரத்தான் என்பது 42.195 கிலோ மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொல்வதானால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு இருமுறை ஓடிப்போய் இருமுறை திரும்பி வருவதற்கு ஏறக்குறைய ஒப்பாகும். அதனை இரண்டரை மணி நேரத்துக்குள் ஓடி முடிக்க வேண்டுமென்றால், வழியில் ஒரு கணமும் நிற்பதற்கில்லை.

1936-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் பெர்லின் நகரில் ஒலிம்பிக் மாரத்தான் நடைபெற்றது. முந்தைய ஒலிம்பிக்கில் வென்ற அர்ஜென்டினாவின் சபாலா தொடக்கத்திலேயே பாய்ந்து முன்னே சென்றார். சோன் அவரைத் துரத்தவில்லை. இங்கிலாந்து வீரர் ஹார்ப்பரோடு சேர்ந்து தம் வேகத்திலேயே ஓடினார். "அவன் போகட்டும், அவசரப்படாதே" என்னும் பொருள்பட ஹார்ப்பர் சைகை காட்டியதாகச் சொல்வர். பாதித் தூரம் கடந்தபின் இருவரும் சபாலாவைப் பிடித்தனர். சபாலாவால் ஓட்டத்தை முடிக்கவே இயலவில்லை. சோன் 2 மணி 29 நிமிடம் 19.2 விநாடிகளில் அரங்கினுள் நுழைந்து எல்லைக் கோட்டைத் தொட்டார். அது புதிய ஒலிம்பிக் சாதனை. ஹார்ப்பர் இரண்டாவதாகவும், மற்றொரு கொரியரான நாம் சுங்-யோங் மூன்றாவதாகவும் வந்தனர்.

ஆனால் அறிவிப்புப் பலகையில் கொரியா என்னும் சொல் இல்லை. சோன் பெயர் ஜப்பானிய உச்சரிப்பில் "சோன் கித்தேய்" என்று பதிவாயிற்று. பரிசு மேடையில் ஜப்பானியக் கொடி ஏறியது; ஜப்பானியப் பண் ஒலித்தது. உலகமே பாராட்டிய அந்நேரத்தில் கொரியர் இருவரும் தலை கவிழ்ந்து நின்றனர். வெற்றியாளருக்குக் கொடுக்கப்பட்ட கருவாலி மரக்கன்றைச் சோன் மார்போடு அணைத்துத் தம் சட்டையிலிருந்த சூரியச் சின்னத்தை மறைத்துக்கொண்டார். மூன்றாம் இடம் பெற்ற நாம் சுங்-யோங் பிற்காலத்தில், தாம் சோனின் தங்கப் பதக்கத்தைக் கண்டு பொறாமைப்படவில்லை என்றும், சின்னத்தை மறைக்க ஒரு மரக்கன்று அவருக்குக் கிடைத்ததே என்றுதான் பொறாமைப்பட்டதாகவும் கூறினார்.

செய்தி கொரியாவை எட்டியதும் 'தோங்-ஆ இல்போ' என்னும் நாளிதழ் சோனின் படத்தை வெளியிட்டது; சட்டையிலிருந்த ஜப்பானியச் சின்னத்தை மட்டும் அழித்துவிட்டு வெளியிட்டது. ஆட்சியாளர்கள் பொறுப்பார்களா? இதழ் ஏறத்தாழ ஒன்பது மாதம் முடக்கப்பட்டது; பணியாளர் சிலர் சிறை புகுந்தனர். ஒரு சட்டையின் மீதிருந்த சிறு வட்டம் ஒரு பேரரசை எவ்வளவு அச்சுறுத்தியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே நகரில் நம்மவர்

இக்கதை நம் நெஞ்சைத் தொடுவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதே பெர்லினில், அதே ஆகஸ்டுத் திங்களில், நம் நாட்டு வீரர்களும் இரவல் கொடியின் கீழ்தான் நின்றனர். சோன் வென்ற அந்த மாரத்தானிலேயே இந்தியாவின் சார்பில் சி. எஸ். ஏ. சுவாமி என்பவர் ஓடினார். முன்னணியில் வந்தவர் அல்லர் ஆதலின் அவர் பெயரை இன்று நினைப்பார் அரியர். எனினும் அடிமை நாட்டினர் இருவர் வேறு வேறு பேரரசுகளின் கொடிகளைச் சுமந்து ஒரே சாலையில் ஓடினர் என்பது சிந்திக்கத் தக்கது.

ஹாக்கியில் நம் அணிக்குத் தலைவர் தியான் சந்த். இறுதி ஆட்டம் ஜெர்மனியோடு. ஒலிம்பிக் தொடங்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனி நம்மைத் தோற்கடித்திருந்தது. ஆகவே அணியினர் உள்ளத்தில் ஓர் அச்சம் இருந்தது. மழையினால் ஒரு நாள் தள்ளிப்போன அவ்வாட்டம் ஆகஸ்டு 15-ஆம் நாள் நடந்தது. ஆடுகளம் புகுமுன், அணியின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா உடை மாற்றும் அறையில் காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். வெளியே ஏற்ற முடியாத அக்கொடியை வீரர்கள் உள்ளேயே வணங்கினர். பின் களம் இறங்கினர். எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜெர்மனி வீழ்ந்தது.

ஒருவர் மரக்கன்றால் கொடியை மறைத்தார். மற்றவர் கொடியை அறைக்குள் மறைத்து வைத்து வணங்கினர். இரண்டும் ஒரே வேட்கையின் இரு வடிவங்கள். ஆகஸ்டு 15 என்னும் நாளும் இரு நாட்டுக்கும் பொதுவாயிற்று. 1945-இல் அதே நாளில் கொரியா ஜப்பானிடமிருந்து விடுபட்டது. 1947-இல் அதே நாளில் நாம் விடுதலை பெற்றோம்.

சொந்தப் பெயரில் ஓடிய காலம்

விடுதலைக்குப் பின் சோன் தம் சாதனையைச் சொல்லிக்கொண்டு வீட்டில் அமர்ந்திருக்கவில்லை. இளைஞர்களைத் திரட்டிப் பயிற்சியளித்தார். 1947-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் அவருடைய மாணவர் சுஹ் யுன்-போக் 2 மணி 25 நிமிடம் 39 விநாடிகளில் ஓடி வென்றார். ஆசிரியரின் சாதனையை மாணவர் முறியடித்தார். அதுவும் கொரியா என்னும் சொந்தப் பெயரில். 1950-இல் அதே பாஸ்டனில் முதல் மூன்று இடங்களையும் கொரியரே பெற்றனர். அந்த ஆண்டே கொரியப் போர் மூண்டது. மூன்று ஆண்டுப் போரில் நகரங்கள் சாம்பலாயின. நாடு நிலையாக இரண்டாகப் பிளவுண்டது. சோன் பிறந்த ஊர் வடக்கே போயிற்று. அவர் தெற்கே வாழ்ந்தார்.

1948 இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் கொரியக் கொடியை ஏந்தி நடந்தவர் சோனே. அவ்வாண்டு கொரியாவுக்கு இரண்டு வெண்கலம் மட்டுமே கிடைத்தது. தென்கொரியா தன் சொந்தப் பெயரில் முதல் தங்கம் பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாண்ட்ரியலில் மற்போர் வீரர் யாங் ஜுங்-மோ அதனை ஈட்டினார். இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்பு! ஒரே நாளில் உயர்ந்தார்கள் என்று எண்ணுவோர் இவ்விடைவெளியைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சியோல், 1986

நம் தலைமுறையினர் பலருக்கு நினைவிருக்கும் போட்டி 1986-ஆம் ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டு. பி. டி. உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்று ஆசியாவையே வியக்க வைத்த போட்டி அது. இந்தியா பெற்ற தங்கம் மொத்தம் ஐந்து. அவற்றுள் நான்கில் உஷாவின் பங்கு உண்டு. எஞ்சிய ஒன்று மற்போர் வீரர் கர்தார் சிங்குடையது. சீனா 94 தங்கமும், போட்டியை நடத்திய தென்கொரியா 93 தங்கமும் பெற்றன.

அப்போட்டியில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் நாம் மறக்கக் கூடாத பாடம். அவ்வோட்டத்தில் முதல் வளைவு முடியும் வரை ஒவ்வொருவரும் தத்தம் தடத்திலேயே ஓட வேண்டும்; அதன்பின் குறிக்கப்பட்டுள்ள கோட்டைக் கடந்த பிறகே உள்தடத்துக்கு மாறலாம். நம் நாட்டு ஷைனி ஆபிரகாம் எல்லாருக்கும் முன்னதாக எல்லைக் கோட்டைத் தொட்டார். ஆனால் தடம் மாற வேண்டிய இடத்துக்கு முன்பே உள்ளே மாறிவிட்டார் என்று நடுவர்கள் அவரைத் தகுதி நீக்கம் செய்தனர். தங்கம் கொரியாவின் லிம் சுன்-ஏ என்னும் பதினேழு வயதுப் பள்ளி மாணவிக்குச் சென்றது. கால்கள் வென்றன, சில அடித் தூரம் தோற்கடித்தது. ஆயினும் ஷைனி சோர்ந்துவிடவில்லை. அதே போட்டியில் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் உஷா, வல்சம்மா, வந்தனா ராவ் ஆகியோரோடு ஓடித் தங்கம் பெற்றார் என்பது போற்றத்தக்கது.

லிம் சுன்-ஏ 1500, 3000 மீட்டர் ஓட்டங்களிலும் வென்று மூன்று தங்கங்களுக்கு உரியவரானார். வறுமையில் வளர்ந்த அம்மாணவி நூடுல்ஸ் போன்ற மலிவான உணவை உண்டே ஓடினார் என்றும், பால் குடிக்கும் தோழியரைக் கண்டு ஏங்கினார் என்றும் செய்தித்தாள்கள் எழுதின. நாடே கண்ணீர் விட்டது. பின்னர் அவரே அச்செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று விளக்கினார். வறுமை உண்மைதான், ஆனால் வறுமையே ஓட வைத்தது என்பது கதை. ஓட வைத்தது பயிற்சி. ஏழை வீரரைக் கண்டு இரங்குவது எளிது. அவருக்கு நாள்தோறும் முட்டையும் பாலும் கிடைக்கச் செய்வது கடினம். நாம் பெரும்பாலும் முன்னதோடு நின்றுவிடுகிறோம்.

1988-ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று சியோல் ஒலிம்பிக் தொடங்கியது. ஒலிம்பிக் சுடரை அரங்கினுள் ஏந்தி வந்தவர் எழுபத்தாறு வயது முதியவர் சோன் கீ-சுங். பெர்லினில் தலை கவிழ்ந்து நின்றவர் அன்று குழந்தையைப் போலத் துள்ளிக்கொண்டே ஓடினார். அவர் சுடரைக் கொடுத்தது லிம் சுன்-ஏயின் கையில். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறிய காட்சி அது. 1992-இல் பார்சிலோனாவில், பெர்லின் ஓட்டம் நடந்த அதே ஆகஸ்டு 9-ஆம் நாளில், ஹ்வாங் யோங்-சோ மாரத்தான் தங்கம் வென்றபோது அரங்கிலிருந்து கண்டு மகிழ்ந்தார் சோன். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானியர். 2002-இல் சோன் மறைந்தார். எனினும் ஒலிம்பிக் பதக்கக் கணக்கில் 1936-ஆம் ஆண்டுத் தங்கம் இன்றும் ஜப்பானின் பெயரிலேயே உள்ளது.

நம் களத்துக்கு வந்த கொரியர்

கொரியர் தமக்குப் பழக்கமான ஆட்டங்களில் வென்றதில் வியப்பில்லை. நமக்கே உரியவை என்று நாம் எண்ணியிருந்த ஆட்டங்களில் வென்றதுதான் வியப்பு.

ஹாக்கியை எடுத்துக்கொள்வோம். 1986-இல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொரியா வென்றது. 1994-இல் ஹிரோஷிமாவிலும் 2002-இல் பூசானிலும் இறுதி ஆட்டத்தில் இந்தியாவையே வென்றது. இடையில் 1998-இல் பாங்காக்கில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த தன்ராஜ் பிள்ளையின் தலைமையில் நம் அணி கொரியாவை இறுதி ஆட்டத்தில் வென்று, முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் தங்கம் கொணர்ந்தது.

சடுகுடுவின் கதை இன்னும் கூர்மையானது. நம் ஊர்க் கண்மாய்க் கரையிலும் களத்துமேட்டிலும் கோடு கிழித்து, மூச்சடக்கிப் பாடி ஆடும் ஆட்டம் அது. கபடி என்னும் பெயரில் 1990-இல் ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்டது முதல் 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்கே. கொரிய நாட்டுச் சிறுவர் எவரும் தெருவில் ஆடிப் பழகிய ஆட்டம் அன்று அது. பூசான் நகரத்துக் கல்லூரி மாணவர்களைக் கொண்டே அவர்கள் தொடங்கினர். இந்தியப் பயிற்றுநரிடம் கற்றனர். 2014 இஞ்சியோன் போட்டியில் வெண்கலம் பெற்றனர். ஜாங் குன் லீ முதலிய வீரர்கள் நம் நாட்டுத் தொழில்முறைக் கபடிப் போட்டிகளில் சேர்ந்து, நம் வீரர்களோடு ஒரே அணியில் உண்டு உறங்கி ஆடினர். ஓடிக்கொண்டே கை நீட்டித் தொட்டுவிட்டுத் திரும்பும் லீயின் முறை இந்தியப் பார்வையாளர்க்கும் பழக்கமாயிற்று.

2016-இல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே கொரியா 34–32 என்று இந்தியாவை வென்றது. தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் இடம்பெற்றிருந்த அவ்வணி பின்னர் மீண்டெழுந்து கோப்பையை வென்றது. ஆனால் எச்சரிக்கை மணி ஒலித்துவிட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கொரியா 24–23 என்று ஒரு புள்ளியில் நம்மை வென்றது. பிறகு அரையிறுதியில் ஈரானும் நம்மை வீழ்த்த, முதன்முறையாகத் தங்கமின்றித் திரும்பினோம். ஈரானுக்குத் தங்கம், கொரியாவுக்கு வெள்ளி, நமக்கு வெண்கலம். மரபு ஒரு முதலீடு. அதை வட்டியில்லாமல் வைத்திருந்தால் தேய்ந்துபோகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. 2023-இல் ஹாங்சோவில் நாம் மீண்டும் தங்கம் பெற்றோம். ஆனால் அது இனி உழைத்துப் பெற வேண்டிய தங்கம்.

வெற்றியின் காரணங்களும் விலையும்

கொரியரின் உயர்வுக்குக் காரணங்கள் பல. முதலாவது, நிலையான பயிற்சிக் கூடம். 1966-இலேயே சியோலில் தேரூங் என்னுமிடத்தில் தேசிய வீரர்கள் தங்கிப் பயிலும் இல்லம் அமைந்தது. 2017-இல் அது ஜிஞ்சோனில் விரிவான வசதிகளோடு புதுப்பிக்கப்பட்டது. இரண்டாவது, ஊக்கம். ஒலிம்பிக்கில் பதக்கமோ ஆசிய விளையாட்டில் தங்கமோ பெறும் ஆடவர்க்குக் கட்டாய இராணுவப் பணியிலிருந்து விலக்கும், பதக்கம் பெற்றோர்க்கு ஓய்வூதியமும் உண்டு.

மூன்றாவதே தலையாயது: நேர்மையான தேர்வு. வில்வித்தையைப் பாருங்கள். 1988 முதல் 2024 வரை பத்து ஒலிம்பிக்கிலும் பெண்கள் அணித் தங்கம் கொரியாவுக்கே. பாரிசில் வில்வித்தைத் தங்கம் ஐந்தையும் அவர்களே அள்ளினர். அங்கு அரையிறுதி வரை முன்னேறிய நம் கலப்பு இரட்டையரையும் தடுத்தவர் அவர்களே. சென்ற ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவராயினும் அடுத்த அணியில் இடம் பெற, முகம் தெரியாத பள்ளி மாணவியோடு மீண்டும் மீண்டும் அம்பெய்து வென்றாக வேண்டும். பழம்பெருமைக்கு அங்கே புள்ளி இல்லை. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே மனம் கலையாதிருக்க, ஆரவாரம் மிகுந்த பேஸ்பால் அரங்குகளிலும் பயிற்சி செய்கின்றனர்.

இவையனைத்தும் பொன்னானவை அல்ல. பதக்கமே குறி என்னும் வெறியில் வகுப்பறையை மறந்த மாணவ வீரர்கள் அங்கே பலர். காயம் பட்டபின் அவர்களுக்கு வேறு தொழில் தெரியவில்லை. 2020-இல் முத்திற ஓட்டப் போட்டியின் இளம் வீராங்கனை ஒருவர், தம் அணியினர் இழைத்த கொடுமைகளைப் பன்முறை முறையிட்டும் பயனின்றி உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் நாடே விழித்துச் சட்டங்களைத் திருத்தியது. அடித்து வளர்த்தால்தான் வீரன் ஆவான் என்று நம்மிடையேயும் எண்ணுவோர் உளர். அவர்கள் இந்நிகழ்ச்சியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! சோன் கீ-சுங்கிடம் கொடியும் இல்லை, நாடும் இல்லை, கால்கள் இருந்தன. ஆனால் கால்கள் மட்டும் போதும் என்று நான் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது, வசதி செய்து தர வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்ள வழிகாட்டுவதாகும். சோனுக்குப் பின் சோனைப் போன்ற ஓர் ஆசிரியர் இருந்தார், அவர்தாம் சோன். தாம் பெற்றதை அடுத்தவருக்குக் கற்பித்தமையால்தான் அவ்வோட்டம் பெர்லினோடு நின்றுவிடாமல் பாஸ்டனுக்கும் பார்சிலோனாவுக்கும் சென்றது.

ஆகவே நம்மால் இயன்றவை மூன்று. முதலாவது, ஓடும் நேரத்தையும் தாண்டும் தூரத்தையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது. நேற்றைய நம்மோடு இன்று போட்டியிட அதுவே வழி. இரண்டாவது, ஆடும் ஆட்டத்தின் விதிகளைப் பாடம்போல் படிப்பது. சியோலில் தங்கம் நழுவியது கால்களின் குறையினால் அன்று. மூன்றாவது, வேலை கிடைத்துச் செல்வோர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது தமக்குப் பின்வரும் இளையோரோடு ஒரு மணி நேரமாவது ஓடுவது.

என்னைக் கேள்வி கேட்ட மாணவர் இவ்வாண்டு காவலர் தேர்வில் வெற்றி பெற்றுப் பயிற்சிக்குச் சென்றுவிட்டார். "இனி ஓட்டத்தை நிறுத்திவிடுவாயா?" என்று கேட்டேன். "லீவில் வருவேன் சார். தம்பி ஒருவன் எட்டாவது படிக்கிறான், என்னைவிட வேகமாக ஓடுகிறான்" என்றார்.

செண்பகத்தோப்புச் சாலையில் அடுத்த விடியலுக்கு அச்சிறுவன் வருவான். அவன் காலுக்கு ஒரு காலணியும், கையில் ஒரு குறிப்பேடும் கொடுக்க வேண்டியது நம் கடன்.